வடிந்து வருகிறது

சேந்தனேரியில் அந்த வருஷம் தண்ணீர் வடியவே இல்லை என்று வெளியூர்க்காரர் யாராவது சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் உடனே திருத்துவார்கள். வடியாமல் இல்லை, வடிந்துகொண்டுதான் இருந்தது, ஐப்பசியில் வடியத் தொடங்கி, கார்த்திகை முழுக்க வடிந்து, தை பிறந்து செங்கல் அடுக்கிய மேடையில் பொங்கல் பானை பொங்கியபோதும் வடிந்து, மாசி வெயிலிலும் வடிந்துகொண்டே இருந்தது, ஒரு புளிய இலையைக் கிள்ளிப் போட்டால் அது தெற்கே தெற்கே என்று மிதந்து போவதைக் கண்ணால் பார்க்கலாம், ஆனால் முழங்காலளவுத் தண்ணீர் முழங்காலளவாகவே இருந்தது, அவ்வளவுதான் என்பார்கள். நகராட்சி அறிக்கையில் அப்படித்தான் இருந்தது. "தேங்கிய நீர் துரிதமாக வடிந்து வருகிறது" என்று எழுதியிருந்தது, வடிந்துவிட்டது என்றோ வடியும் என்றோ எழுதவில்லை. தண்ணீர் அந்த வாக்கியத்துக்குக் கீழ்ப்படிந்தது.

அந்த வாக்கியத்தை எழுதியவர் நகராட்சியின் மக்கள் தொடர்பு அலுவலர் பூவராகன். அவரும் பள்ளத்தெருவில், அந்தத் தண்ணீருக்குள்தான் குடியிருந்தார்.

வாலிபத்தில் அவர் ஒரு சிறு பத்திரிகையில் எழுதியவர். கரும்பாலையில் எடை குறைகிறது, எடை குறைகிறது என்று விவசாயிகள் வருஷக்கணக்கில் புலம்பிக்கொண்டிருந்தபோது, பூவராகன் ஆலைக்குப் போய் ஒரு பகல் முழுக்க நின்று பார்த்துவிட்டு வந்து, "எடைமேடையின் பின்பக்கத்துக்கு ஆலை மேலாளர் காலால் முட்டுக் கொடுக்கிறார்" என்று எழுதினார். அந்த ஒரு வரிக்காக வண்டிகள் கரும்பை இறக்காமல் வரிசைகட்டி ஆலை வாசலில் நின்றன, ஒரு வாரத்தில் மேலாளர் மாற்றலாகிப் போனார். பிறகு பூவராகனுக்கு நகராட்சியில் வேலை கிடைத்தது. அங்கே யாரும் எதையும் செய்வதில்லை, எல்லாம் செய்யப்பட்டன. பள்ளம் தோண்டப்பட்டது, நிதி ஒதுக்கப்பட்டது, தாமதம் ஏற்பட்டது, வருத்தம் தெரிவிக்கப்பட்டது. ஆரம்பத்தில் அந்த மொழியைப் பார்த்து நண்பர்களோடு சிரித்தவர்தான் அவர். அப்புறம் அது இலவம்பஞ்சு மெத்தை மாதிரி உடம்புக்குப் பழகிவிட்டது, அதில் படுத்தால் எதுவும் குத்தவில்லை.

ஐப்பசி மழையில் பெரிய ஏரி கரை தளும்பி நின்ற அன்று, விளக்கு வைக்கிற நேரத்தில், நகராட்சித் தலைவர் வீரபத்திரனின் அறையில் பூவராகன் உட்கார்ந்திருந்தார். ஏரிக்கு இரண்டு வழி. வடக்கே கலங்கல் வழியாக விட்டால் தண்ணீர் தலைவரின் தம்பி புதிதாகப் போட்டிருந்த வீட்டுமனைகளின் மேல் போகும். தெற்கே மதகு வழியாக விட்டால் பள்ளத்தெரு. தலைவருக்கு மதகின்மேல் அதிகாரம் கிடையாது, ஆனால் அவர் போன் செய்தால் ஏரிப் பொறியாளர் மறுபேச்சுப் பேசுவதில்லை. தலைவர் போன் செய்தார். தெற்கு மதகைத் திறக்கச் சொன்னார். ஒலிபெருக்கி ஆட்டோவைப் பள்ளத்தெருவுக்கு அனுப்பலாமா என்று உதவியாளர் கேட்டதற்கு, வேண்டாம் என்றார்.

"சொன்னா மதகு மேல வந்து உட்கார்ந்துடுவானுங்க. தண்ணி வந்தப்புறம் சொல்லிக்கலாம். பூவராகன், காலையில பேப்பருக்கு ஒண்ணு எழுதி வெச்சிடுங்க."

பூவராகன் எழுதினார். எழுதிவிட்டு வராந்தாவுக்கு வந்து மனைவி தையல்நாயகிக்குப் போன் செய்து, கட்டியிருக்கிற புடவையோடு கிளம்பி மேட்டுத்தெருவில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விடச் சொன்னார். ஏன் என்று கேட்டாள். சொன்னார். யாரிடமும் சொல்ல வேண்டாம், வீணாகப் பீதி கிளம்பும் என்றும் சொன்னார். பீதி என்பது அறிக்கைகளில் அவர் அடிக்கடி போடுகிற சொல், அது கைக்கு அகப்பட்டது. தையல்நாயகி ஒரு பையில் துணிமணியும் நகையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, அடுத்த வீட்டு அஞ்சலாட்சி நடையில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். மழையில எங்க அண்ணி பையோட என்று கேட்டாள். அண்ணன் வீட்டில் ஒரு விசேஷம் என்று சொல்லிவிட்டுத் தையல்நாயகி நடந்தாள். அஞ்சலாட்சிக்குப் பின்னால், கீழ் அறைக் கட்டிலில், அவள் புருஷன் கலியமூர்த்தி காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தான். அவன் ஓட்டிய ஆட்டோ கவிழ்ந்து எலும்பு முறிந்திருந்தது. வானொலியில் ஏதோ கேட்டுக்கொண்டு, போகிற அண்ணிக்குக் கையை உயர்த்தினான்.

விடிவதற்குள் தண்ணீர் வந்தது. அஞ்சலாட்சியால் அவனை மாடிப்படிவரை இழுக்க முடிந்தது, அதற்கு மேல் முடியவில்லை. மாவுக்கட்டு ஊறிக் கல்லாகக் கனத்தது.

காலையில் பேப்பரில், முந்தின நாள் மாலையே எழுதி வைத்திருந்தபடி, வந்தது இது: "பெரிய ஏரியின் பாதுகாப்பு கருதி உபரிநீர் வெளியேற்றப்பட்டதில் சில தாழ்வான பகுதிகளில் நீர்த்தேக்கம் ஏற்பட்டுள்ளது. தேங்கிய நீர் துரிதமாக வடிந்து வருகிறது. எதிர்பாராத சில இழப்புகள் நேர்ந்துள்ளன." அன்று மதியம் தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கியது, இறங்கி அந்த இடத்தில் தன் வேலையை நிறுத்திக்கொண்டது.

மோட்டார் வைத்து இறைத்தார்கள், தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டு கொட்டென்று கொட்டியது, மட்டம் குறையவில்லை. வாய்க்கால் வெட்டினார்கள், வாய்க்கால் நிறைய ஓடியது, மட்டம் குறையவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் வந்து அளவுகோல் நட்டுப் பார்த்து, வடிவது உண்மை என்று ஒப்புக்கொண்டு போனார்கள். அதன்பிறகு ஊர் அதைப் பெரிதாக எண்ணவில்லை. கட்டில்களுக்குக் கீழே செங்கல் வைத்தார்கள், அடுப்பை மேடையில் ஏற்றினார்கள், தணிகாசலம் தன் டீக்கடை பாய்லரை ஒரு பழைய மாட்டுவண்டியின் மேல் வைத்து வண்டியோடு வியாபாரம் செய்தார், ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் அரிசி வாங்க வந்த பையில் கெண்டை மீனையும் பிடித்துப் போட்டுக்கொண்டு போனார்கள். பூக்காரி பட்டம்மாள் வாழைத்தண்டுத் தெப்பத்தில் பூக்கூடையை மிதக்கவிட்டு ஒரு கயிற்றால் இழுத்துக்கொண்டு வந்தாள், கனகாம்பரம் வாடாமல் இருக்கிறதென்று சந்தோஷப்பட்டாள். மாப்பிள்ளை அழைப்பைத் தெப்பத்தில் நடத்தினார்கள், அதைப் பார்க்க அடுத்த ஊரிலிருந்து சனங்கள் வந்தார்கள். எல்லோருடைய பாதங்களும் ஊறி வெளுத்துச் சுருங்கிப்போயின, புதிதாகப் பெண் பார்க்க வருகிறவர்கள் பாதத்தைப் பார்த்தே இது சேந்தனேரிப் பெண் என்று சொன்னார்கள்.

தண்ணீரோடு சேர்ந்து அறிக்கையின் பேச்சும் வீடுகளுக்குள் புகுந்தது. அது எப்போது புகுந்ததென்று யாரும் கவனிக்கவில்லை. முன்பெல்லாம் "என் சுவத்தை ஏன்டா இடிச்சே" என்று சட்டையைப் பிடித்தவர்கள், சுவரில் ஒரு சேதம் ஏற்பட்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள். குடித்துவிட்டு வந்து மனைவியை அடித்தவன் காலையில் நேற்று வீட்டில் ஒரு அசம்பாவிதம் நேர்ந்துவிட்டது என்றான், அவளும் ஆமாம் நேர்ந்துவிட்டது என்றாள். கோபம் வந்தால் அது யார்மேல் போய் உட்காருவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு வந்தவரிடமே திரும்பியது. எதிர்க்கட்சிக்காரர்கள் தண்ணீருக்குள் ஊர்வலம் நடத்தினார்கள். உரியவர்களுக்கு உரிய நிவாரணம் உரிய முறையில் வழங்கப்பட வேண்டும் என்று கோஷம் போட்டார்கள், கேட்டவர்கள் எல்லாம் தலையசைத்தார்கள், தலைவர் வீரபத்திரனும் மாடியில் நின்று தலையசைத்தார், அவருக்கும் அதில் ஆட்சேபம் எதுவும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் வார்டு கூட்டம் போட்டபோது ஒரு விஷயம் நடந்தது. பெஞ்சுகளின்மேல் கால் நனையாமல் எல்லோரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்க, தணிகாசலம் எழுந்தார். மதகை யார் திறந்தது என்று கேட்பதற்காகவே வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தவர் அவர். வாயைத் திறந்தார். "எத்தகைய சூழ்நிலையில் மதகு திறக்கப்பட நேர்ந்தது என்பது ஆராயப்பட வேண்டும்" என்று சொன்னார். சொல்லிவிட்டுப் பெரிய கேள்வியைக் கேட்டுவிட்ட திருப்தியோடு உட்கார்ந்தார். மேடையில் ஓரமாக உட்கார்ந்திருந்த பூவராகன் அந்த வாக்கியத்தைக் கேட்டபோது, தன் செருப்பை வேறொருவர் காலில் பார்ப்பதுபோல் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வாரத்தில்தான் அஞ்சலாட்சி அவர் வீட்டு வாசலுக்கு வந்தாள். புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகியிருந்தாள். தெருமுனையில் கலியமூர்த்திக்கு ஒரு பேனர் வைக்கப் போவதாகவும், படம் தயாராக இருப்பதாகவும், வாசகம்தான் வேண்டும் என்றும் சொன்னாள்.

"நீங்க எழுத்தாளரு அண்ணே. எப்படிச் செத்தாருன்னு எழுதிக் குடுங்க. தெருவுல போறவங்க படிச்சா புரியணும்."

அதுக்கென்னம்மா என்றார். உள்ளே தையல்நாயகி கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

மறுநாள் எழுதிக் கொடுத்தார். "இயற்கைச் சீற்றத்தின் காரணமாக ஏற்பட்ட எதிர்பாராத சூழலில் இயற்கை எய்திய அன்பு நெஞ்சம்" என்று தொடங்கியது. அஞ்சலாட்சி இரண்டு முறை படித்தாள். கோபப்படவில்லை. தைக்கக் கொடுத்த துணியின் அளவு சரியில்லை என்று சொல்கிற குரலில் கேட்டாள்.

"இதுல எங்க வீட்டுக்காரர் எங்க இருக்காரு அண்ணே?"

பூவராகன் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் அவர் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு மாடியில் உட்கார்ந்து எழுதினார். சின்ன வாக்கியம்தான் வேண்டும், இன்னார் திறந்தார், இன்னார் செத்தார். எழுதத் தொடங்கினால் கை திறக்கப்பட்டது என்றது. அடித்துவிட்டு மறுபடி தொடங்கினால், திறக்கும்படியான நிலை உருவானது என்றது. சோம்பலோ பயமோ மட்டும் இல்லை இது என்று அவருக்குப் புரிந்தது. அந்த அறையில் நடந்ததை நினைத்துப் பார்க்க முயன்றார், தலைவரின் முகம் நினைவுக்கு வரவில்லை, ஒரு போன் தானாக எடுக்கப்பட்டுத் தானாகப் பேசப்பட்டதுபோல்தான் ஞாபகம் வந்தது. எழுதாமல் விட்டது நினைப்பிலிருந்தும் போயிருந்தது. பரணிலிருந்து பழைய பத்திரிகையை இறக்கி, ஆலை மேலாளர் காலால் முட்டுக் கொடுத்த கட்டுரையைப் படித்தார். இதை எழுதியவனை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று இருந்தது, எதிரில் வந்தால் அவன் தன்னை மதிக்கமாட்டான் என்றும் இருந்தது.

கடைசியில் சத்தமாகப் பேசிப் பார்த்து எழுதினார், திக்குவாய்க்காரர் பேசப் பழகுவதுபோல, ஒரு சொல், நிறுத்தி இன்னொரு சொல். எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அஞ்சலாட்சி அதைப் பேனரில் பெரிய எழுத்தில் அடித்துத் தெருமுனையில் கட்டினாள். கலியமூர்த்தி காக்கிச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தான், அவனுக்குக் கீழே இருந்தது:

"தலைவர் வீரபத்திரன் மதகைத் திறக்கச் சொன்னார். பள்ளத்தெருவுக்குச் சொல்ல வேண்டாம் என்றார். என் கணவர் கலியமூர்த்தி தண்ணீரில் மூழ்கிச் செத்தார். அஞ்சலாட்சி."

படித்தவர்கள் அங்கேயே நின்றார்கள். நின்றவர்களின் காலைச் சுற்றி ஒரு சுழல் உண்டாகி, தண்ணீர் களக் களக்கென்று சத்தமிட்டுக்கொண்டு இறங்கத் தொடங்கியது. உச்சி வெயிலுக்குள் கணுக்கால் அளவுக்கு வந்துவிட்டது. திறந்தானா, அவனா திறந்தான் என்று தணிகாசலம் கேட்டார், அந்த வினைச்சொல்லின் வால் அவர் நாக்கில் மறுபடி முளைத்திருந்தது. ஊர் திரண்டு தலைவர் வீட்டுக்குப் போனது. யாரும் கல்லெடுக்கவில்லை, நீ திறந்தாய், நீ சொல்லவில்லை என்று மட்டும் மாறி மாறிச் சொன்னார்கள். வீரபத்திரன் மாடியில் வந்து நின்று, அது நிர்வாக ரீதியாக மேற்கொள்ளப்பட்ட ஒரு முடிவு என்று பேச ஆரம்பித்தார், நடுவில் அவருக்கே குரல் எடுபடவில்லை. அந்த வாரமே பதவியை விட்டு ஊரையும் விட்டுப் போனார். பொறியாளரை விசாரணைக்கு அழைத்தார்கள். பூவராகனை வேலையை விட்டு நீக்கினார்கள்.

வேலை போனதும் அவர் பெரிய மனிதராகிவிட்டார். அரசாங்க உத்தியோகத்தைத் தூக்கிப் போட்டு உண்மையை எழுதியவர் என்று தெருவில் கும்பிட்டார்கள், தணிகாசலம் டீக்குக் காசு வாங்க மறுத்தார், பட்டம்மாள் தினமும் தையல்நாயகிக்கு ஒரு முழம் பூ கொடுத்துவிட்டுப் போனாள். கணுக்கால் தண்ணீர் மட்டும் அப்படியே இருந்தது. மிச்சமும் வடிந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். வடிந்துகொண்டுதான் இருக்கிறது, பாருங்கள் என்று இலையைக் கிள்ளிப் போட்டுக் காட்டினார்கள். பூவராகன் மட்டும் இலையைப் பார்க்கவில்லை.

தையல்நாயகி பூவைத் தலையில் வைப்பதில்லை. அடுத்த வீட்டுப் பக்கம் போவதையும் நிறுத்தியிருந்தாள். ஒருநாள் மத்தியானம் சோறு போட்டுவிட்டு, தண்ணீரில் கால் வைத்தபடி எதிரில் உட்கார்ந்தாள்.

"இது நம்ம தண்ணி."

பூவராகன் சாப்பிட்டுக்கொண்டே, அன்றிருந்த நெருக்கடியில் முழுமையான தகவல் பரிமாற்றம் சாத்தியப்படாமல் போனதைப் பற்றி ஏதோ சொன்னார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"வீட்டுக்குள்ளயும் பேப்பருக்கா எழுதறீங்க? நான் விசேஷம்னு பொய் சொன்னேன். அவன் கையை ஆட்டினான், நான் பார்த்தேன். என் வாயால இதைச் சொல்ல முடியுது. நீங்க சொல்லுங்க, இல்ல நான் போய் அவகிட்ட சொல்றேன்."

பாராட்டுக் கூட்டத்தில் சொல்கிறேன் என்றார். தெருக்காரர்கள் அவருக்கு ஒரு கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார்கள். மாரியம்மன் கோயில் முன்னால் நாற்காலி போட்டு, எல்லோரும் கணுக்கால் நனைய உட்கார்ந்திருந்தார்கள், அஞ்சலாட்சி முதல் வரிசையில் இருந்தாள். மாலை போட்டார்கள். மைக்கைப் பிடித்தார். சொல்லத்தான் வந்திருந்தார். ஆனால் அத்தனை முகங்களும் அன்போடு நிமிர்ந்து பார்த்தபோது அந்தப் பழைய மெத்தை தானாக வந்து முதுகுக்குக் கீழே விரிந்தது. "சில தகவல்கள் சிலருக்கு முன்கூட்டியே கிடைத்திருந்தன என்பதும் இத்தருணத்தில் கவனத்தில் கொள்ளப்பட வேண்டும்" என்றார். கை தட்டினார்கள். தட்டிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் விரற்கடை விரற்கடையாக ஏறியது. பெண்கள் புடவையைத் தூக்கிப் பிடித்தார்கள், ஆண்கள் நாற்காலிகளைக் கோயில் படிக்கு மாற்றினார்கள், ஏன் ஏறுகிறதென்று யாருக்கும் தெரியவில்லை. பூவராகனுக்குத் தெரிந்தது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற தையல்நாயகிக்கும் தெரிந்தது. அவள் வீட்டுக்குப் போகாமல் நேராக அஞ்சலாட்சி வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். மாலையோடு பின்னால் ஓடி, அவள் கையைப் பிடித்து நிறுத்தினார் பூவராகன்.

"நான் போறேன்" என்றார்.

அஞ்சலாட்சி கூட்டத்திலிருந்து வந்து மிஷினில் உட்கார்ந்திருந்தாள். வாங்க அண்ணே என்று மடக்கு நாற்காலியை விரித்தாள். அவர் உட்காரவில்லை. மாலையைக் கழற்றி எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு சொன்னார், மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் கல்லைப் புரட்டுவதுபோல் புரட்டி.

"தலைவர் மதகைத் திறக்கச் சொன்னப்ப நான் பக்கத்துல இருந்தேன். வெளியில வந்து என் பொண்டாட்டிக்குப் போன் பண்ணினேன். அவளை மட்டும் போகச் சொன்னேன். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு நான் சொன்னேன்."

மிஷினின் சக்கரத்தில் கை வைத்தபடி அவள் அவரைப் பார்த்தாள். அவளுக்கு இது தெரிந்திருக்கவில்லை. முகம் மாறுவதற்கே நேரமாயிற்று.

"எப்ப போன் பண்ணீங்க?"

"விளக்கு வைக்கிற நேரம்."

அவள் வாசல் பக்கம் திரும்பி, அந்தச் சாயங்காலத்தை மனசுக்குள் நடத்திப் பார்த்தாள்.

"அப்ப ஸ்டாண்டுல ஆட்டோக்காரங்க எல்லாம் இருந்திருப்பாங்க. ரெண்டு பேர் போதும், கட்டிலோட தூக்கியிருப்பாங்க."

பூவராகன் ஆமாம் என்றார். அதற்கு மேல் எதையும் சேர்க்கவில்லை. காலடியில் ஏதோ உறிஞ்சும் சத்தம் கேட்டது. தண்ணீர் அறையின் மூலைகளை விட்டு விலகி, மிஷினின் கால்களை விட்டு விலகி, வாசற்படி தாண்டித் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது, சிமெண்டுத் தரை மாதக்கணக்கான சேற்றோடு மெல்ல வெளியே வந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. அவள் எழுந்து கதவுக்குப் பின்னாலிருந்து துடைப்பத்தை எடுத்தாள். அவர் கை நீட்டினார், நான் தள்ளிவிடுகிறேனே என்று. அவள் கொடுக்கவில்லை.

"நீங்க இனிமே இந்த வீட்டுக்கு வராதீங்க" என்றாள். அண்ணே என்று சேர்க்கவில்லை.

தெருவில் சனங்கள் வெளியே வந்து சேற்றில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார்கள். அவரைக் கண்டதும் சூழ்ந்துகொண்டு, எப்படி சார் வடிஞ்சது, எப்படி வடிஞ்சது என்று கேட்டார்கள். பட்டம்மாள் அவர் கையிலிருந்த மாலையை வாங்கி மறுபடி அவர் கழுத்தில் போடப் போனாள். பூவராகன் அவள் கையைத் தடுத்து, அங்கே சொன்ன அதே வாக்கியங்களைத் தெருவிலும் சொன்னார். முதல் தடவையைவிட எளிதாக வந்தது, எளிதாக வந்தது அவருக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. தன் வீட்டு வாசலில் தையல்நாயகி நின்று, தான் சொன்ன பொய்யைப் பற்றி அவளே சொன்னாள்.

சிரிப்பு நின்றது. யாரும் திட்டவில்லை. கேட்டு முடித்தவர்கள் சேற்றில் காலை இழுத்து இழுத்துத் தங்கள் வீடுகளுக்குத் திரும்பினார்கள். கதவுகள் சாத்தப்பட்டன என்று அவர் முன்பானால் எழுதியிருப்பார். இப்போது பட்டம்மாள் சாத்தினாள், மாலையைக் கையில் வைத்தபடி, திரும்பிப் பார்க்காமல், தணிகாசலம் அவரையே பார்த்துக்கொண்டு சாத்தினார், எதிர்வீட்டுக்காரர் சாத்தினார், அஞ்சலாட்சி சேற்றை வாசலுக்கு வெளியே தள்ளி முடித்துவிட்டு, துடைப்பத்தை உதறிவிட்டுச் சாத்தினாள்.